மருந்து மட்டும் போதாது, நீதியும் வேண்டும்

(சட்ட மாணவர் கூட்டமொன்றில் நியாயதுரந்தரர் ஒருவர் ஆற்றிய உரை)



களத்திலே வீழ்ந்தவருக்கு நடுகல் நாட்டிய மரபு நம்முடையது. களத்திலிருந்து உயிரோடு மீண்டு, தம் வீட்டிலே தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொள்பவருக்கோ எவரும் கல் நாட்டுவதில்லை. அத்தகையோருள் பெண்களைப்பற்றி இன்று பேச விரும்புகிறேன். அமெரிக்க ஐக்கிய நாட்டை எடுத்துக்கொள்கிறேன். தன் படையினரைப்பற்றிய இந்தத் துயரக் கணக்கை அந்நாடு ஆண்டுதோறும் தானே வெளியிட்டு வருகின்றது.

அங்குள்ள முன்னாள் படையினர் நலத் திணைக்களத்தின் அறிக்கையைப் பாருங்கள். 2020க்கும் 2021க்கும் இடையிலே, வயது வேறுபாட்டைச் சீர்செய்து கணித்தபோது, முன்னாள் படைவீராங்கனைகளின் தற்கொலை விகிதம் 24.1 சதவீதம் உயர்ந்தது. முன்னாள் படைவீரரான ஆண்களிடையே அவ்வுயர்வு 6.3 சதவீதமே. படையிலே சேவை செய்யாத பெண்களோடு ஒப்பிட்டாலும் இவர்களுடைய விகிதம் மிக அதிகம்.

"பெண் மென்மையானவள், போரைத் தாங்கமாட்டாள்" என்று சிலர் எளிதாகத் தீர்ப்பளித்துவிடுவர். நண்பர்களே, அது சாட்சியத்தைப் பாராமல் எழுதப்பட்ட தீர்ப்பு!

வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களுக்குச் சிகிச்சையளித்த உளநல வைத்தியர் ஜோனதன் ஷே, 1994இல் ஒரு நூல் எழுதினார். அச்சத்தினால் வரும் நோய் வேறு, மனச்சாட்சியிலே விழும் காயம் வேறு என்று அவர் கண்டார். உயிர் ஊசலாடும் வேளையிலே, அதிகாரத்தில் இருப்பவர் அறத்தைக் காட்டிக்கொடுத்தால் அக்காயம் விழுகின்றது. 2009இல் பிறெற் லிற்ஸ் முதலான உளவியலாளர் இக்கருத்தை விரித்தனர். தன் அறத்துக்கு மாறாகத் தானே செய்த செயலும், தடுக்கத் தவறிய செயலும், கண்ணெதிரே கண்ட செயலும் அக்காயத்தை உண்டாக்கும் என்றனர். அச்சம் "எனக்கு என்ன நேருமோ" என்று கேட்கின்றது. இக்காயமோ "நான் எப்படிப்பட்டவள், நான் நம்பியவர்கள் எப்படிப்பட்டவர்கள்" என்று இரவும் பகலும் கேட்கின்றது.

பெண்களுக்கு இக்காயம் பெரும்பாலும் எங்கிருந்து வருகின்றது? அத்திணைக்களத்தின் வைத்தியசாலைகளுக்கு வரும் பெண்களிடம் கேட்கும்போது, சேவைக் காலத்திலே பாலியல் தாக்குதலுக்கோ தொல்லைக்கோ உள்ளானதாக ஏறக்குறைய மூவரில் ஒருவர் கூறுகின்றனர். இத்தகைய கொடுமைக்கு உள்ளானவர்களிடையே தற்கொலை அபாயம் கூடுதல் என்பதும் ஆய்ந்தறிந்த உண்மை. பகைவன் செய்தால் அது போர். பக்கத்திலே நின்று உயிர்காக்க வேண்டியவன் செய்தால் அது துரோகம். அதை முறையிடச் சென்றவளை மேலதிகாரி திருப்பியனுப்பினால் அது இரண்டாவது துரோகம்.

இங்கேதான் சட்டம் பயிலும் நாம் விழித்துக்கொள்ள வேண்டும். தன்னைச் சார்ந்தவரின் வழக்கிலே தானே நடுவராதல் ஆகாது என்பது நீதியின் பாலபாடம். ஆயினும் 2023ஆம் ஆண்டின் இறுதிவரை, அமெரிக்கப் படையிலே இத்தகைய குற்றங்களுக்கு வழக்குத் தொடர்வதா இல்லையா என்று முடிவுசெய்தவர் படைத் தளபதியே. முறையிட்டவளும் அவர் கீழ் இருப்பவள். குற்றஞ்சாட்டப்பட்டவனும் பெரும்பாலும் அவர் கீழ் இருப்பவன். அரசாங்கத்தின்மீது நட்டஈடு கேட்கலாமென்றால், சேவையோடு தொடர்புடைய தீங்குக்குப் படையினர் அரசின்மீது வழக்காட முடியாதென 1950இல் 'பெரஸ்' வழக்கிலே அந்நாட்டு உயர் நீதிமன்றம் கதவடைத்துவிட்டது. பாலியல் தாக்குதல் படைச் சேவையின் பாகமாகாது என்று 2022இல் மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று கூறியதால், அக்கதவு சிறிதளவு திறந்தது. பழைய தீர்ப்போ இன்னும் நீக்கப்படவில்லை.

சட்டம் எப்படி மாறியது? 2020இல் ரெக்சாஸ் மாநிலத்து ஃபோர்ட் ஹூட் முகாமிலே வனேசா கியேன் என்ற இருபது வயது வீராங்கனை சக படைவீரனொருவனாற் கொல்லப்பட்டாள். மேலாளர் ஒருவரின் பாலியல் தொல்லைக்கு அவள் முன்னரே உள்ளாகியிருந்ததையும், அது தெரிந்தும் பொறுப்பாளர்கள் வாளாவிருந்ததையும் படையின் விசாரணையே 2021இல் ஒப்புக்கொண்டது. குடும்பத்தார் வீதிக்கு வந்தனர். நாட்டின் பல பாகங்களிலும் பெண்கள் தங்கள் கதைகளை வாய்திறந்து சொன்னார்கள். அதன்பின்னரே, அவ்வாண்டு டிசெம்பரிலே, தளபதியிடமிருந்து அந்த அதிகாரத்தைப் பறித்துத் தனி வழக்குத்தொடுநரிடம் ஒப்படைக்கும் சட்டம் பிறந்தது.

வைத்தியம் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. பெண்களுக்கு உண்மையிலே பயன்படும் தற்கொலைத் தடுப்பு முறைகள் எவையென ஆராயுமாறு 2016இல் ஒரு சட்டம் பணித்தது. உயிராபத்தான நெருக்கடியில் இருக்கும் முன்னாள் படையினருக்கு இலவச அவசர சிகிச்சை 2023 ஜனவரி முதல் கிடைத்து வருகின்றது. இவை உயிர் காக்கும் ஏற்பாடுகள். நெருக்கடி நேரத்திலே தனியே விடாத துணையும், வீட்டிலுள்ள துப்பாக்கியை எட்டாமற் பூட்டிவைக்கும் முன்யோசனையும் உயிர் காக்கும். அந்த எண்ணம் கடந்துபோகக் கூடியது; கடந்துவந்து வாழ்பவர் பலர்.

ஆயினும் தீங்கு செய்தவனைத் தண்டியாமல், தீங்குற்றவளை மட்டும் நோயாளி என்று பெயரிட்டு மாத்திரை கொடுத்தனுப்புவது ஒரு நாட்டின் கடமையை முடித்துவிடாது. பாண்டியன் அவையிலே கண்ணகி கேட்டது ஆறுதலன்று, நீதி! தன் தவறு கண்ட மன்னன் அவளைப் பித்தி என்று சொல்லவில்லை. தன்னையே குற்றவாளியாகக் கண்டான்.

நாளை நீங்கள் நீதிமன்றம் ஏறுவீர்கள். கலங்கிய மனத்தோடு ஒரு பெண் உங்கள் வாசலுக்கு வந்தால், "உனக்கு என்ன நோய்?" என்று முதலிலே கேளாதீர்கள். "உனக்கு என்ன அநீதி நேர்ந்தது?" என்று கேளுங்கள். அவள் சொல்வதை முழுவதும் கேளுங்கள். வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். வழக்கையும் எடுத்துச் செல்லுங்கள்.