வரிக்கினோவின் பனிநாட்கள்

பொரிஸ் பாஸ்டர்நாக் எழுதிய ‘டாக்டர் ஷிவாகோ’ என்னும் ருஷ்ய நாவல், 1957ஆம் ஆண்டில் மிலான் நகரில், இத்தாலிய மொழிபெயர்ப்பாகவே முதன்முதல் வெளிவந்தது. மறு ஆண்டில் ஆசிரியருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டதையும், அவர் அதனை மறுக்க நேர்ந்ததையும் நேயர்கள் அறிவர். சொந்த நாட்டில் அந்நூல் அச்சேற 1988 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்தப் பூசலை ஒருபுறம் வைத்து நூலைத் திறப்போர் மனத்தில் நிலைத்து நிற்பது, யூரி என்னும் மருத்துவனும் லாரா என்னும் பெண்ணும் வரிக்கினோப் பண்ணையில் கழித்த பனிக்காலமே. அது நீடித்தது ஏறத்தாழ இரண்டு வாரங்கள்.

அவர்கள் ஒருவருக்கொருவர் புதியவர் அல்லர். முதல் உலகப் போரின்போது இராணுவ மருத்துவமனையில் அவன் வைத்தியன், அவள் தாதி. ஒருநாள் அவள் துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கையில் அவன் தன் உள்ளத்தை மறைக்கமாட்டாது பேசிவிட, இஸ்திரிப் பெட்டியின் கீழ் ஒரு சட்டை கருகிப் போயிற்று. இருவரும் மணமானவர்கள். ஆண்டுகள் பல சென்று, புரட்சியும் உள்நாட்டுப் போரும் இரு குடும்பங்களையும் சிதறடித்த பின்னரே, கைதாகும் அச்சத்தில் இருவரும் வரிக்கினோவுக்கு ஓடினர்.

அங்கே இன்பம் என்று சொல்லத்தக்கவை மிக எளியவை: எரியும் அடுப்பு, வெளுத்த துணி, மேசைமேல் ஒரு விளக்கு. லாராவும் அவள் மகளும் உறங்கிய பின் யூரி விடியும்வரை கவிதை எழுதினான். வெளியே நிலவொளியில் ஓநாய்கள் வந்து நின்றன. நாட்கள் எண்ணப்பட்டவை என்பதை இருவரும் அறிவர். அந்த அறிவே அடுப்பில் விறகிடுவதையும் ஒரு சடங்கைப்போல் ஆக்கிற்று.

லாராவின் இளமையைக் கெடுத்த கொமரோவ்ஸ்கி என்பவனே அவளை மீட்கவும் வந்தான். அவள் கணவன் சுடப்பட்டான், அடுத்தது அவளே என்றான். யூரி, தானும் குதிரையைப் பூட்டிக்கொண்டு பின்னால் வருவதாகப் பொய் சொல்லி அவளை வண்டியில் ஏற்றிவிட்டான். அந்தி வெளிச்சத்தில் வண்டி மேட்டில் ஏறி மறைந்தது. இதனைத் தியாகம் என்பார் உளர். பாதி தியாகம், பாதி தளர்ச்சி என்பதே பொருத்தம். தன் விருப்பத்தைச் சொல்லும் உரிமையை அவளுக்கு அவன் கொடுக்கவில்லை. அன்றி, கொமரோவ்ஸ்கி சொன்ன செய்தியும் பொய். சில நாட்களில் அவள் கணவன் உயிரோடு அதே வாயிலில் வந்து நின்றான். மறுநாட் காலை தன்னைத்தானே சுட்டுக்கொண்டு பனியில் கிடந்தான்.

அவர்களுடைய பழமையில் அவர்களே அறியாத ஒரு நாளும் உண்டு. இளமையில் ஒரு கிறிஸ்துமஸ் இரவில், மொஸ்கோத் தெரு ஒன்றின் வழியே வண்டியில் சென்ற யூரி, பனி படிந்த சாளரக் கண்ணாடியில் மெழுகுதிரியின் வெம்மை உருக்கிய ஒரு வட்டத்தைக் கண்டான். அதன் உள்ளே, அவளை மணக்கவிருந்த இளைஞனோடு பேசிக்கொண்டிருந்தவள் லாரா. வரிக்கினோவில் அவன் செம்மை செய்த கவிதைகளுள் ஒன்று அந்தச் சுடரைப் பற்றியது. 1929இல் யூரி இறந்தபோது அவன் உடல் கிடத்தப்பட்டிருந்தது அதே அறையில். தற்செயலாக அங்கே வந்த லாரா, அன்றைய மெழுகுதிரியை நினைத்துக்கொண்டாள்; தெருவிலிருந்து அதனைப் பார்த்தவன் யார் என்பதை அவள் அறியவில்லை.