ராணி வராத மாடி
(சங்கத்தின் மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

லிஃப்ட், தண்ணீர் லாரி, பார்க்கிங் என்று பேசிப் பேசி அலுத்துவிட்டது. பத்து நிமிடம் வேறு யார் வீட்டையாவது பார்ப்போமே என்றார் செயலாளர். அதனால்தான் வந்தேன்.

இங்கிலாந்தின் டார்பிஷயரில், ஒரு குன்றின் மேல் நிற்கிறது ஹார்ட்விக் ஹால் என்ற மணற்கல் மாளிகை. 1590இல் வேலை ஆரம்பித்து, 1597இல் குடிபுகுந்தார்கள். கட்டியவர் ஷ்ரூஸ்பரி சீமாட்டி எலிசபெத். பெஸ் என்பார்கள். நான்கு கணவர்களையும் இழந்தவர். கிரகப்பிரவேசத்தின்போது வயது எழுபதை ஒட்டி.

கல் வீடு என்றால் கோட்டை மாதிரி இருட்டாக இருக்கும் என்று நினைப்பீர்கள். இதில் சுவரைவிட ஜன்னல்தான் கண்ணில் படும். கண்ணாடி அப்போது பணக்காரர் பொருள். அப்படியானால் பாரத்தை எது தாங்குகிறது? உள்ளே ஓடும் தடித்த கல் சுவர்கள். குளிர்காயும் அடுப்புகளின் புகைபோக்கிகளையும் அந்த உள்சுவர்களிலேயே ஏற்றிவிட்டார்கள். வெளிச்சுவர் முழுக்க ஜன்னலுக்கு மிச்சமானது. அதிலும் சில ஜன்னல்கள் பொய்! வெளியே கண்ணாடி, பின்னால் சுவர்.

வெளியே நின்று பாருங்கள்: மேலே போகப் போக ஜன்னல் உயரமாகிறது. தரைத்தளம் வேலையாட்களுக்கு, முதல் தளம் குடும்பத்துக்கு, மிக உயரமான இரண்டாம் தளம் அரச விருந்தாளிக்கு. (நம் பிளாக்கில் மேல்தளத்துக்காரர்கள் வெயிலையும் ஒழுகலையும் நினைத்துச் சிரிப்பது தெரிகிறது.) நீண்ட கல் படிக்கட்டு ஒன்று வளைந்து வளைந்து ஏறி, அந்தத் தளத்துப் பெரிய கூடத்தில் கொண்டுவிடும்.

எலிசபெத் ராணி ஒருநாளும் அங்கே வரவில்லை. 1603இல் இறந்துபோனார்.

அரியணைக்கு உரிமை கோரக்கூடிய பேத்தி ஒருத்தி அந்த வீட்டிலேயே இருந்தாள். பெயர் ஆர்பெல்லா. அவளைப் பாட்டி கண்காணித்தபடியே வளர்த்தார். தன் படுக்கையறையிலேயே படுக்க வைத்தார். அதே 1603இல் அவள் தப்பிப் போகப் பார்த்தாள், முடியவில்லை. இத்தனை ஜன்னல் இருந்தும் அவளுக்கு அது சிறைதான் என்று எனக்குப் படுகிறது. பின்னாளில் நிஜச் சிறையான லண்டன் டவரிலேயே, 1615இல் இறந்தாள்.

ஆறு கோபுர உச்சியிலும் பெஸ்ஸின் முதலெழுத்துகள் கல்லில் நிற்கின்றன. வீடு இப்போது நேஷனல் டிரஸ்ட் கையில். டிக்கெட் வாங்கினால் நீங்களும் ராணியின் தளத்துக்கு ஏறலாம். உள்ளே போகுமுன் தரைத்தளத்து ஜன்னல்களின் உயரத்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போங்கள்.