ஏற்றிச் சொன்ன புகழ்



தமிழகத்தைவிட்டு வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு ஒரு நன்மை உண்டு. சொந்த ஊரில் நம்முடைய விளையாட்டு வீரரைப் பற்றி நாம் எதைச் சொன்னாலும், ஆம் என்று தலையசைப்பவர்களே சுற்றிலும் இருப்பார்கள். இங்கே அப்படியன்று. அடுத்த நாற்காலியில் அமர்ந்திருப்பவர் வேறு மாநிலத்தவர். அவருக்கென்று ஒரு வீரர் உண்டு. நம்மவரின் புகழை நிறுத்துப் பார்க்க அவர் தயங்குவதில்லை. அவரவரின் புகழை நிறுத்துப் பார்க்க நாமும் தயங்குவதில்லை. எந்த வீரரின் புகழ் அவரது தகுதிக்கு மேற்பட்டது என்னும் விவாதம், தில்லி அலுவலகங்களில் பிற்பகல் தேநீர் வேளையில் அடிக்கடி எழுவது. அப்படிப்பட்ட ஒரு விவாதத்தில் நான் தவறு செய்தேன். அதனால் கற்றுக்கொண்டதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், எங்கள் பிரிவில் மூத்தவரான பஞ்சாபி நண்பர் ஓட்ட வீரர் மில்கா சிங்கைப் பற்றிப் பேசினார். 1960-ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் பந்தயம். மில்கா சிங் அனைவரையும் வெகுதூரம் பின்னே விட்டு ஓடினாராம். பின்னால் வருபவர் யார் என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாராம். அந்த ஒரு பார்வையில் தங்கப் பதக்கம் பறிபோயிற்றாம். நம்மில் பலரும் கேட்ட கதைதான். நான் சும்மா இருந்திருக்கலாம். "நான்காவதாக வந்த ஒருவருக்கு இத்தனை ஆரவாரமா?" என்று கேட்டுவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"உங்கள் ராமநாதன் கிருஷ்ணன் மட்டும் என்ன?" என்றார் அவர். "விம்பிள்டனில் இரண்டு முறை அரையிறுதி வரையில்தானே? அதுவும், சிறந்த ஆட்டக்காரர்களெல்லாம் பணத்துக்கு ஆடப் போய்விட்ட காலத்தில்!"

இதைக் கேட்டதும் எனக்கு முகம் சிவந்தது. என் தந்தையார் கிருஷ்ணனின் பெயரைச் சொல்லும்போது குரலே மாறும். அந்தக் குரலில் வளர்ந்தவன் நான். மறுநாள் முதல் நண்பர் தேநீருக்கு வரவில்லை. ஒரு வாரம் அப்படியே கழிந்தது.

அவர் குடும்பத்தின் வரலாற்றை மற்றொரு நண்பர் எனக்குச் சொன்னார். 1947-இல் எல்லைக்கு அப்பாலிருந்து உடுத்திய துணியோடு வந்தவர்கள் அவர்கள். மில்கா சிங்கும் அவ்வாறு வந்தவரே. பிரிவினைக் கலவரத்தில் பெற்றோரைப் பறிகொடுத்து, அகதியாக தில்லி வந்து சேர்ந்த சிறுவன் அவர். எல்லாவற்றையும் இழந்தவர்களும் எழுந்து நிற்கலாம் என்பதற்கு அந்தக் குடும்பத்தார் கண்ட சான்று அந்த ஓட்டம். நான் கைவைத்தது ஒரு பந்தயத்தின் கணக்கில் அன்று. அவர்கள் வீட்டுத் தூண் ஒன்றின்மீது.

என் தொழில் மொழிபெயர்ப்பு. மூலத்தில் இல்லாததைச் சேர்ப்பதும் பிழை. உள்ளதை விடுவதும் பிழை. அந்த அளவுகோலை இந்த வழக்கிலும் வைத்துப் பார்க்க எண்ணி, பழைய முடிவுகளைத் தேடி எடுத்தேன்.

ரோமில் முதலில் வந்தவர் அமெரிக்கரான ஓட்டிஸ் டேவிஸ். அவருடன் ஏறக்குறைய சேர்ந்தே கோட்டைக் கடந்தவர் ஜெர்மானியரான கார்ல் காஃப்மன். இருவருக்கும் 44.9 விநாடி; அது புதிய உலகச் சாதனை. தென்னாப்பிரிக்கரான மால்கம் ஸ்பென்ஸ் 45.5 விநாடியில் மூன்றாவது. மில்கா சிங் 45.6 விநாடியில் நான்காவது. அவர் வெகுதூரம் முன்னே ஓடிய காட்சி எதுவும் பந்தயத்தின் படத்தில் இல்லை. வேகத்தை இடையில் தளர்த்தியது தம் பிழை என்று அவரே பிற்காலத்தில் பலமுறை சொன்னார். கைக்கு எட்டாமற் போனது வெண்கலமே. தங்கம் என்பது நாம் சேர்த்தது.

நண்பரின் கதை இவ்வாறு குறைந்தது. ஆனால் என் ஏளனமும் நிற்கவில்லை. ரோம் போட்டிகளுக்கு முந்தைய ஒலிம்பிக் சாதனை 45.9 விநாடி. அன்று முதல் நால்வருமே அதைவிட விரைவாக ஓடினார்கள். 1956-இல் மெல்போர்னில் தங்கம் வென்றவருடைய நேரம் 46.7 விநாடி. ரோமில் மில்கா சிங் ஓடிய ஓட்டம் நான்காண்டுகளுக்கு முன் தங்கத்துக்கே போதுமானது! வெண்கலம் வென்ற ஸ்பென்ஸை அவர் 1958-இல் கார்டிஃபில் நடந்த காமன்வெல்த் போட்டியில் வென்று தங்கம் பெற்றிருந்தார். ரோமில் அவர் ஓடிய நேரம் 1998 வரை, அதாவது 38 ஆண்டுகள், இந்தியச் சாதனையாக இருந்தது. "நான்காவது" என்ற ஒரு சொல்லில் இவற்றையெல்லாம் நான் விட்டுவிட்டேன். சேர்த்தவர் அவர், விட்டவன் நான்.

பிறகு கிருஷ்ணனையும் அதே தராசில் ஏற்றினேன். நண்பர் சொன்னதில் உண்மை உண்டு. 1968-க்கு முன் விம்பிள்டனில் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு இடமில்லை. 1960, 1961 ஆண்டுகளில் உலகின் மிகச் சிறந்தவர்களுள் சிலர் அங்கே ஆடவில்லை. என் தந்தையார் இதை என்னிடம் சொன்னதே இல்லை. ஆயினும் 1961-இல் ராய் எமர்ஸனை நேர் செட்டுகளில் வென்றவர் கிருஷ்ணன். இரு ஆண்டுகளிலும் அவரைத் தோற்கடித்தவர்களே, நீல் ஃப்ரேசரும் ராட் லேவரும், பட்டம் வென்றார்கள். கழிக்க வேண்டியதைக் கழித்த பிறகும் மிஞ்சுவது சிறிதன்று.

சில வேளைகளில் கழிவு மிகுதியாகவே இருக்கும். 1932-இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் நம் ஹாக்கி அணி அமெரிக்காவை 24–1 என்று வென்றதைப் பெருமையாகச் சொல்கிறோம். அந்தப் போட்டியில் கலந்துகொண்ட அணிகளே மூன்றுதான் என்பதைச் சொல்வதில்லை. தியான் சந்தின் பெருமைக்கு அந்த எண் தேவையுமில்லை. 1936-இல் பெர்லினில், பயிற்சி ஆட்டத்தில் தம்மைத் தோற்கடித்திருந்த ஜெர்மனியை இறுதி ஆட்டத்தில் 8–1 என்று வென்றதே அவருக்குப் போதுமான சான்று.

நேயர்களே, புகழை ஊதிப் பெருக்குபவர்கள் பெரும்பாலும் வீரர்கள் அல்லர், நாம்தாம். ஆகவே விவாதிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வோம். எதிரே நின்றவர் யார்? அளந்த அளவு என்ன? சொன்னவர் சேர்த்தது எது? இவற்றை முதலில் நம் வீரரிடம் கேட்டுவிட்டு, பிறகு அடுத்தவரின் வீரரிடம் செல்வது முறை.

ரோம் பந்தயத்தின் எண்களை ஒரு தாளில் எழுதி, கிருஷ்ணனைப் பற்றிய குறையையும் அதன் கீழே எழுதி, நண்பரின் மேசைக்குச் சென்று கொடுத்தேன், மன்னிப்பும் கேட்டேன். அவர் மெல்லப் படித்தார். மெல்போர்ன் வரியில் விரலை வைத்து வெகுநேரம் இருந்தார். பிறகு, "திரும்பிப் பார்த்த கதையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், இந்தத் தாளை நான் வைத்துக்கொள்கிறேன்" என்றார்.

அன்று பிற்பகல் தேநீருக்கு அவரே என்னை அழைத்தார்.