கால்மிதிக்கு அடியில் ஈரம்

இப்போது சில வீடுகளில் லேமினேட் தரை போடுகிறார்கள். பார்த்தால் தேக்குப் பலகை போலவே இருக்கும். ஆனால் மேலே தெரிவது மரத்தின் படம்தான். அதன் மேல் ஒரு கடினமான பூச்சு. உள்ளே இருப்பது மர இழைகளை அழுத்திச் செய்த பலகை. அதற்கு ஈரம் ஆகாது.

மேல்பூச்சு ஈரத்தைத் தாங்கும். பலகைகள் சேரும் இடுக்கு தாங்காது. குளித்துவிட்டு வந்து கால்மிதியில் காலைத் துடைக்கிறோம். அந்த ஈரம் அடியிலேயே தங்கிவிடுகிறது. அடியில் ரப்பர் ஒட்டிய கால்மிதி என்றால் காற்றும் புகாது. மெல்ல மெல்ல ஈரம் இடுக்கில் இறங்கும். பலகை உப்பும். மழைக்காலத்தில் மரக்கதவு உப்பிக்கொண்டு சாத்த வராதே, அப்படித்தான். கதவையாவது இழைத்துவிடலாம். இதை இழைக்க முடியாது. பலகையையே மாற்ற வேண்டும்.

கால்மிதி ஈரமானால் உடனே எடுத்துக் கொடியில் போடுங்கள். ஈரத்தைத் தரையில் தங்க விடாதீர்கள். பெரிய விரிப்பையும் அவ்வப்போது சுருட்டிவிட்டுப் பெருக்குங்கள். அடியில் சேரும் மணல் தரையைக் கீறும்.

வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்களா? இந்தத் தரையில் விரிப்பு வழுக்கும். வழுக்காமல் பிடிக்கும் அடிவிரிப்பு கடையில் கிடைக்கிறது. லேமினேட் தரைக்கு ஏற்றதுதானா என்று கேட்டு வாங்குங்கள். வயதானவர்கள் நடக்கும் வழியில் உள்ள விரிப்புக்கு அடியில் அதை முதலில் போடுங்கள்.