பால் கேனுக்கு லேக்டோமீட்டர், தீவன மூட்டைக்கு என்ன?

(வாழப்பாடி ஒன்றியக் கூட்டத்தில் பேசியது. வீடியோவில் மைக் சரியா கேக்கலன்னு நிறைய பேர் சொன்னதால எழுத்தா போடுறேன்.)



நான் படிச்சது இன்ஜினியரிங். ஃபீஸ் கட்டினது எங்க வீட்டு ரெண்டு மாடு. அதனால பாலைப் பத்தி மட்டும் பேசிட்டு இறங்கிடுறேன்.

காலையில கேனைக் கொண்டு போனா முதல்ல லேக்டோமீட்டர். பசும்பால்ல கொழுப்பு 3.2, எஸ்.என்.எஃப் 8.3 சதவீதம் இருக்கணும்னு மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட விதி. சரி, இருக்கட்டும். தண்ணி கலக்கறவனுக்கு நாம வக்காலத்து வாங்கல.

ஆனா அதே ஆணையம் 2018-ல நாடு முழுக்க 6,432 பால் மாதிரி எடுத்துச்சு. உடம்புக்குக் கேடான கலப்படம்னு சிக்கினது வெறும் 12. அளவுக்கு மேல அஃப்ளாடாக்சின் எம்1 இருந்தது 368. மாநிலங்கள்ல முதல் இடம் யாருக்கு? நமக்குத்தான். தமிழ்நாட்டுல எடுத்த 551 மாதிரியில 88.

இதை யாரும் கேன்ல ஊத்தல. மழையில நனைஞ்சு சரியா காயாத மக்காச்சோளம், ஈரம் ஏறின கடலைப் புண்ணாக்கு, இதுல பூஞ்சை பிடிக்கும். அந்தப் பூஞ்சையோட விஷத்தை மாடு தின்னா ஒண்ணு ரெண்டு நாள்ல பால்ல வந்துடும். காய்ச்சினாலும் போகாது. லேக்டோமீட்டர்லயும் தெரியாது. கிலோ பாலுக்கு 0.5 மைக்ரோகிராம்தான் அனுமதி. அதை எங்கம்மா மோந்து பாத்தா கண்டுபிடிப்பாங்க?

தீவனத்துக்கும் தரம் இல்லாம இல்ல. கலப்புத் தீவனத்துக்கு ஐ.எஸ். 2052-னு ஒண்ணு இருக்கு. அதுல கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் வரைதான் இந்த விஷம் இருக்கலாம். ஐ.எஸ்.ஐ முத்திரை கட்டாயம்னு 2020 ஜனவரியில உத்தரவும் வந்துச்சு. அப்புறம் தேதி தள்ளிப்போச்சு. பாலுக்கு மட்டும் எந்தத் தேதியும் தள்ளிப்போகல. நாம சில்லறையா வாங்குற புண்ணாக்குல முத்திரையைத் தேடினா சாக்குப்பையில பழைய உர கம்பெனி பேர்தான் இருக்கு.

பால் திரும்பினா நஷ்டம் கறந்தவங்களுக்கு. மூட்டையை வித்தவர் அன்னைக்கும் கல்லாவுல உக்காந்திருப்பார்.

நாம கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. ஒன்றியத்துக்கு ஒரு இடத்துல தீவனத்தை இலவசமா சோதிக்கணும். அரை கிலோ மாதிரி கொண்டு போனா ரிசல்ட் கையில வரணும். கெட்ட மூட்டைன்னு தெரிஞ்சா வித்தவர் பணத்தைத் திருப்பித் தரணும். சுத்துப்பட்டு ஊராட்சிகள்ல அக்டோபர் 2 கிராம சபையில இதைத் தீர்மானமா வைக்கணும். மனு நான் டைப் பண்ணித் தரேன்.

அதுவரைக்கும் மூட்டையைத் தரையில போடாதீங்க, பலகை மேல வைங்க. கட்டி பிடிச்சதை "மாடுதானே, தின்னுக்கும்"னு போட்டுடாதீங்க. முக்கியமா, தீவனம் வாங்கினா பில் கேளுங்க அக்கா. பில் இல்லாம நாளைக்கு யார்கிட்ட போய் நிக்கறது? பில் தரமாட்டேன்னு சொன்னா எங்களைக் கூப்பிடுங்க, கூட வரோம்.