விமான நிலையத்திற்குச் செல்லும் வழி



சென்னையிலிருந்து மதுரைக்கு விமானம் பறந்து செல்லும் நேரம் ஏறத்தாழ ஒன்றேகால் மணி. இதைக் கேட்பவர் ரயிலை மறந்தே போவர். ஆனால் கணக்கு இன்னும் முடியவில்லை. புறப்படுவதற்கு முன் நிலையத்தில் ஒன்றரை மணி நேரமேனும் காத்திருத்தல் வேண்டும். மதுரையில் இறங்கிப் பெட்டியைப் பெற்று ஊருக்குள் செல்ல ஒரு மணி. விமான நிலையம் சென்னை நகரிலிருந்து எழுபது கிலோமீட்டர் தள்ளி அமையுமாயின், அங்குச் சென்று சேர மேலும் இரண்டு மணி. ஆக மொத்தம் ஐந்தே முக்கால் மணி. எழும்பூரில் புறப்படும் வந்தே பாரத் ரயிலும் ஆறு மணி நேரத்திற்குள் மதுரை சேர்ந்துவிடுகிறது.

எழுபது கிலோமீட்டர் என்றது கற்பனைத் தொலைவன்று. காஞ்சிபுரம் மாவட்டத்தில், வாலாஜாபாத்துக்கு வடமேற்கே உள்ள பரந்தூரில் சென்னையின் இரண்டாம் விமான நிலையம் அமையும் என்று 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் மத்திய அரசு கொள்கையளவில் ஒப்புதல் அளித்தது. திட்டத்திற்குக் குறிக்கப்பட்ட நிலம் 5,700 ஏக்கருக்கு மேல். அது பல கிராமங்களைச் சேர்ந்தது. நிலத்தை இழக்க விரும்பாத ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் தொடர்ந்து எதிர்ப்புத் தெரிவித்து வந்தனர். ஓடுபாதையைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும் பலர் பேசுகின்றனர். நிலையத்திற்குப் போய்வரும் வழியைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அதைப் பற்றியே இன்று சிறிது ஆராய்வோம்.

மீனம்பாக்கம் நிலையத்திற்கு இவ்வகையில் நல்லூழ் உண்டு. எதிரே திரிசூலம் ரயில் நிலையம். 2016 செப்டம்பர் முதல் வாயிலிலேயே மெட்ரோ ரயில். நகரத்தை விட்டு வெகுதூரம் செல்லும் நிலையங்களுக்கு இந்த வசதி எளிதில் வாய்ப்பதில்லை.

கனடா நாட்டில் மொன்றியால் நகருக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். நகரிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கும் அப்பால் மிராபெல் என்னுமிடத்தில், தொண்ணூறாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை உழவர்களிடமிருந்து எடுத்து, 1975-ஆம் ஆண்டில் பெரியதொரு விமான நிலையம் திறந்தனர். அதற்கென நினைத்த விரைவு ரயில் வரவேயில்லை. நேராகச் செல்லவேண்டிய நெடுஞ்சாலை பாதி வழியிலேயே நின்றது. பழைய நிலையமும் மூடப்படவில்லை. வெளிநாட்டு விமானங்கள் ஓரிடம், உள்நாட்டு விமானங்கள் வேறிடம் என்றாயின. கடல் கடந்து வந்திறங்கியவர் அடுத்த விமானத்தைப் பிடிக்க மற்றொரு நிலையத்திற்குச் சாலை வழியே ஓட வேண்டியதாயிற்று. அவர்களுள் பலர் வேறு நகரங்கள் வழியாகப் பயணம் செய்யலாயினர். 2004-இல் பயணிகள் விமானம் அங்கு முற்றிலும் நின்றது. பின்னர்ப் பயணிகள் கட்டடத்தையும் இடித்துவிட்டனர். நிலத்தில் பெரும்பகுதி உழவர்களுக்கே திரும்பியது. திரும்பி வந்த நிலத்தைப் பெற்றுக்கொள்ளும் வயதில் எத்தனை பேர் இருந்தனரோ!

அண்டை மாநிலத்தைப் பாருங்கள். பெங்களூரில் தேவனஹள்ளி நிலையம் 2008 மேயில் திறக்கப்பட்டது. அருகில் ஒரு சிறு ரயில் நிறுத்தம் வந்தது 2021-இல். மெட்ரோ ரயிலோ 2025 முடியும்வரை அங்குச் சென்று சேரவில்லை. பஸ்களே இத்தனை ஆண்டுகளும் பெரும்பணி ஆற்றின.

பரந்தூருக்கு, பூந்தமல்லியிலிருந்து சுமார் 53 கிலோமீட்டர் மெட்ரோப் பாதை திட்டமிடப்பட்டது. அதன் முதற்கட்டம் சுங்குவார்சத்திரம் வரை என்று 2025-இல் முடிவாயிற்று. முதற்கட்டத்தோடு பணி நிற்குமாயின், மிராபெல்லின் பாதிச் சாலைக்கும் இதற்கும் வேறுபாடு யாது? மேலும், இப்பாதை சென்னைவாசிகளுக்கே உதவும். விழுப்புரம், திண்டிவனம், செங்கற்பட்டுப் பகுதியினர் தாம்பரம் வரை சென்று, வடக்கே ஏறி, மீண்டும் மேற்கே திரும்புதல் தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதாகும்.

அவர்களுக்கு வாலாஜாபாத் இருக்கிறது. பாலாற்றங்கரையில் கம்பெனியார் காலத்துப் படைவீடாக இருந்த இவ்வூர், செங்கற்பட்டு–அரக்கோணம் இருப்புப்பாதையில் அமைந்துள்ளது. சுற்றுப்புறத் தொழிற்சாலைகளில் செய்யப்பட்ட கார்கள் இந்நிலையத்தில்தான் சரக்கு ரயிலேறி வடநாடு செல்கின்றன. கார்கள் ரயிலில் செல்ல, மனிதர்கள் கற்குவாரி லாரிகளுக்கிடையே சாலையில் ஊர்கின்றனர்! இப்பாதை ஒற்றை வழியாதலால் ரயில்கள் குறைவு. அதை இரட்டையாக்கி, ரயில் வந்து நிற்கும் நேரத்திற்கேற்பப் புறப்படும் பஸ்களை வாலாஜாபாத்திலிருந்து பரந்தூருக்கு விடுதல், புதிய பாலங்களை எழுப்புவதிலும் செலவு குறைந்தது. நிலையம் திறக்கும் நாளிலேயே செய்யத்தக்கது. தென்கரை மக்களுக்கு ஆறு ஒரு தடை. 2021 நவம்பர் வெள்ளத்தில் வாலாஜாபாத்–அவளூர் தரைப்பாலம் சேதமுற்றதை இவ்வட்டாரத்தார் மறந்திரார். விமானத்திற்கு நேரம் குறித்தவனை ஆற்று வெள்ளம் தடுக்குமேல், ஓடுபாதை எத்துணை அகலமாயிருந்து என்ன பயன்?

விமான நிலையத்திற்கு நாள்தோறும் செல்பவர் பயணி அல்லர். துப்புரவு செய்வோர், சுமை ஏற்றுவோர், காவலர், சமையற்கூடத்தார் ஆகியோரே நாள் தவறாமல் செல்பவர். விடியற்காலை நான்கு மணிக்குப் பணியேற்க வேண்டியவருக்கு ஆறு மணிப் பஸ் எதற்கு? கட்டணமும் இத்தகையதே. டில்லியில் விமான நிலையத்திற்கென 2011-இல் விட்ட விரைவு மெட்ரோ, கட்டணம் மிகுந்திருந்தவரை போதிய கூட்டமின்றி ஓடியது. பின்னர்க் கட்டணத்தைக் குறைத்ததும் பயணிகள் பெருகினர்.

இன்னுமொரு வழி உண்டு. அது எவருடைய திட்டத்திலும் எளிதில் இடம்பெறுவதில்லை. ஓடுபாதையைக் குறுக்கே கடக்க முடியாது. வேலியிட்ட பரப்பின் ஒருபுறத்துக் கிராமத்தான் மறுபுறத்துப் பள்ளிக்கோ சந்தைக்கோ செல்ல, முன்பு நடந்த தூரத்தைப் போலப் பன்மடங்கு சுற்ற நேரும். ஏரிகளை இணைக்கும் கம்பன் கால்வாயின் கரைவழிகளும் அப்பரப்பினூடே செல்பவை. ஆகவே நிலையத்தின் வரைபடம் கையில் கிடைக்கும்போது, சென்னையிலிருந்து வரும் அகன்ற கோட்டை மட்டும் பாராமல், வேலியின் விளிம்பில் அறுபட்டு நிற்கும் மெல்லிய கோடுகளையும் எண்ணிப் பாருங்கள். அவை ஒவ்வொன்றுக்கும் மாற்று வழி எங்கே வரையப்பட்டுள்ளது, அதில் பஸ் ஓடுமா, எப்போது முதல் ஓடும் என்று கேட்கவேண்டிய காலம், நிலம் அளக்கப்படும் காலமே.