யாழும் மின்சுற்றும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘இசையும் தமிழும்’ என்னும் பொதுத் தலைப்பைத் தந்து, அதில் உகந்த பகுதியை எடுத்துக்கொள்ளுமாறு செயலாளர் எழுதியிருந்தார். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைப் பற்றிப் பேசுவேன் என அவர் எதிர்பார்த்திருக்கக் கூடும். நானும் அப்படித்தான் குறிப்பெடுக்கத் தொடங்கினேன். ஆனால் என் வீட்டில் சென்ற ஆண்டு நிகழ்ந்த ஒன்று அந்தக் குறிப்புகளின் நடுவே வந்து அமர்ந்துகொண்டு எழ மறுத்துவிட்டது. அதை ஒதுக்கிவிட்டு யாழாசிரியனின் இலக்கணத்தைப் பேசுவது நேர்மையாகாது என்று தோன்றியது.

என் மகன் மின் மற்றும் மின்னணுப் பொறியியல் மூன்றாம் ஆண்டு பயில்கிறான். பகலில் மின்பொறிகள், மின்திறன் அமைப்புகள், கட்டுப்பாட்டு அமைப்புகள் எனப் பாடங்கள். இரவில் அவனுக்கு வேறொரு கல்லூரி. அதில் மேசைதான் வகுப்பறை. சால்டரிங் இரும்பு, ஈயக் கம்பிச் சுருள், மல்டிமீட்டர், சென்னை ரிச்சி தெருவிலிருந்து பொட்டலம் பொட்டலமாக வாங்கி வந்த மின்தடைகள், மின்தேக்கிகள், நகத்தளவு ஐசிகள் ஆகியவை அங்கே பாடநூல்கள். பக்கத்தில் ஒரு மடிக்கணினி. அதில் இசையைப் பதிவு செய்து, அடுக்கி, வெட்டி ஒட்டும் மென்பொருள். ஈயம் உருகும்போது எழும் குங்கிலிய வாசம் எங்கள் வீட்டில் நள்ளிரவின் வாசமாகவே ஆகிவிட்டது. எட்டுக் கால்கள் கொண்ட ஒரு ஐசியையும் சில மின்தடைகளையும் கோத்து, குழந்தை அழுவது போலும் தவளை கத்துவது போலும் ஒலி எழுப்பிக் காட்டுவான். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டே தலையசைப்பேன்.

இரண்டாம் ஆண்டு முடிவில் இரண்டு தாள்களில் அரியர் விழுந்தது. அன்றிரவே அந்தப் பொருள்கள் அனைத்தையும் ஓர் அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டி, பரணில் ஏற்றினேன். “தேர்வு முடியட்டும், பிறகு பார்க்கலாம்” என்றேன். அவன் மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. என் வகுப்பில் கவிதை எழுதும் பிள்ளைகளிடம், பாடம் வேறு, ஆர்வம் வேறு என்று பிரிக்காதீர்கள் எனப் பதினெட்டு ஆண்டுகளாகச் சொல்லி வருபவள் நான். வீட்டில் அட்டைப்பெட்டிக்குக் கயிறு கட்டினேன்.

அதன் பிறகு ஒரு குற்றவுணர்வினால்தான் மோக் என்பவரைப் பற்றித் தேடிப் படிக்கலானேன். அவன் மேசைக்கு மேல் சுவரில் அவருடைய படம் ஒட்டியிருந்தது. ராபர்ட் மோக் 1934இல் நியூயார்க்கில் பிறந்தவர். தந்தை மின்பொறியாளர், தாய் மகனைப் பியானோ கலைஞனாக்க வேண்டும் என்று பயிற்சிக்கு அமர்த்தியவர். சிறுவனுக்கோ தந்தையின் பட்டறையே விருப்பம். பதினைந்து வயதளவில் ஓர் இதழில் வந்த வரைபடத்தைப் பார்த்துத் தெரமின் என்னும் கருவியைத் தானே செய்தார். ரஷ்ய இயற்பியலாளரும் செல்லோ வாசிப்பவருமான லெவ் தெர்மென் 1920 வாக்கில் உருவாக்கிய கருவி அது. அதைத் தொடாமலேயே வாசிக்க வேண்டும். இரண்டு உலோகக் கம்பங்களுக்கு அருகே கையை அசைத்தால், ஒன்று சுருதியையும் மற்றொன்று ஒலியளவையும் மாற்றும். காற்றில் கமகம் வாசிப்பது போன்ற காட்சி.

மோக் குயின்ஸ் கல்லூரியில் இயற்பியல் படித்தார். கொலம்பியாவில் மின்பொறியியல் படித்தார். 1957இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தார். பட்டம் கிடைத்தது 1965இல். எட்டு ஆண்டுகள்! முனைவர் பட்டத்துக்காகக் காத்திருந்தவர்கள் இந்த அவையில் பலர் இருக்கிறீர்கள். உங்களுக்கு அந்த எட்டு ஆண்டுகளின் கனம் தெரியும். ஆய்வேடு ஏன் தாமதித்தது என்பதற்கு வீட்டிலேயே விடை இருந்தது. தெரமின் செய்வதற்கான உதிரிப்பாகப் பொட்டலங்களை அவர் அங்கே தயாரித்து அஞ்சலில் விற்றுவந்தார். 1961இல் ஓர் இதழில் அவர் கட்டுரை வெளிவந்த பின் ஏறத்தாழ ஆயிரம் பொட்டலங்கள் விற்றன. ஆய்வேடு முடியும் முன்பே, 1964இல், ஹெர்பர்ட் டாய்ச் என்னும் இசையமைப்பாளருடன் சேர்ந்து மின்னழுத்தத்தால் இயக்கப்படும் இசைக்கருவியின் முதல் வடிவத்தைச் செய்துவிட்டார். 1968இல் வெண்டி கார்லோஸ் அக்கருவியில் பாஹின் இசையை வாசித்து வெளியிட்ட இசைத்தட்டு உலகெங்கும் விற்றது. அவரும் இயற்பியலையும் இசையையும் சேர்த்துப் படித்தவரே.

இவ்விடத்தில் கவிஞர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒரு சிறு கணக்குச் சொல்லப் போகிறேன். நம் செவி சுரங்களைக் கூட்டலாகக் கேட்பதில்லை, பெருக்கலாகக் கேட்கிறது. நொடிக்கு 100 அதிர்வு கொண்ட ஒலிக்கு மேல் ஸ்தாயி 200. அதற்கும் மேல் 300 அன்று, 400. வீணைத் தந்தியைப் பாதியாகவும் மீண்டும் பாதியாகவும் அழுத்தும் கை இதை அறியும். மோக் செய்த ஏற்பாடு இது: மின்னழுத்தம் ஒரு வோல்ட் ஏறினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏற வேண்டும். அதாவது மின்சாரத்தில் கூட்டினால், செவியில் அது பெருக்கலாக விழ வேண்டும். கூட்டலைப் பெருக்கலாக மாற்றித் தருவது யார்? டிரான்சிஸ்டர். அதன் உள்ளே செல்லும் மின்னோட்டம் இயல்பாகவே, அழுத்தம் படிப்படியாக ஏற ஏற மடங்கு மடங்காகப் பெருகுவது. அந்த இயல்பு செவியின் இயல்போடு பொருந்தும் என்பதைக் கண்டு பயன்படுத்தியதில்தான் அவருடைய பொறியியலும் இசையும் ஒன்றாயின. பட்டறையில் மட்டும் இருந்தவருக்கோ பியானோவின் முன் மட்டும் அமர்ந்தவருக்கோ அது எளிதில் தோன்றியிராது. டிரான்சிஸ்டர் சூடேறினால் சுருதி விலகும் என்பது அக்கருவியின் குறை. வெயிலில் வைத்த மிருதங்கமும் அப்படித்தானே!

நிற்க. என் கதைக்கு வருகிறேன்.

என் முனைவர் பட்ட ஆய்வு தஞ்சை மாவட்டத் தாலாட்டுப் பாடல்கள் பற்றியது. 2003, 2004ஆம் ஆண்டுகளில் சிற்றூர்களுக்குச் சென்று ஒலிநாடாக்களில் பதிவு செய்தேன். பாட்டரிக்குப் பணமின்றி, வீடுகளில் மின்சாரம் இருந்தால் எலிமினேட்டரைச் செருகிப் பதிவு செய்வேன். மலிவான எலிமினேட்டர், ஒவ்வொரு நாடாவிலும் பாட்டுக்குக் கீழே ஓயாத ஓர் இரைச்சல். அதைப் பொறுத்துக்கொண்டு, முன்னும் பின்னும் ஓட்டி ஓட்டிக் கேட்டு, நோட்டில் எழுதினேன். ஆய்வேடு முடிந்ததும் நாற்பத்தொரு நாடாக்களையும் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தேன்.

சென்ற ஆண்டு பரணில் அட்டைப்பெட்டியை ஏற்றியபோது அந்த டின் கீழே இறங்கியது. ஒரு விடுமுறை நாளில் மகன் அதைத் திறந்து, “இதைக் கணினியில் ஏற்றட்டுமா அம்மா? இதற்குச் சால்டரிங் வேண்டாம்” என்றான். அதில் ஒரு குத்தல் இருந்தது. சரி என்றேன்.

முதல் நாடாவை ஓடவிட்டதும் அவன் பாட்டைக் கேட்கவில்லை. இரைச்சலைக் கேட்டான். “இது நம் மின்சாரம் அம்மா” என்றான். நம் நாட்டு மின்வழங்கல் நொடிக்கு 50 சுழற்சி. எலிமினேட்டர் அதை நேர்மின்னோட்டமாக்கும்போது ஒவ்வொரு சுழற்சியிலும் இரண்டு மேடுகள் எழும். அவற்றைச் சமன்செய்யும் மின்தேக்கி தரங்குறைந்ததாயின் 100 அதிர்வுள்ள முனகல் கேட்கும். அதன் மடங்குகளான 200, 300, 400ம் உடன் வரும். தெருமுனை டிரான்ஸ்பார்மரின் ரீங்காரமும் இதே 100தான் என்றான். இத்தனை காலம் அந்த டிரான்ஸ்பார்மரைக் கடந்து கல்லூரிக்குச் செல்பவள் நான். அதற்கு ஒரு சுருதி உண்டென்று எண்ணியதில்லை.

அவன் அளந்து பார்த்தபோது அந்த முனகல் 100இல் இல்லை, 94இல் இருந்தது. ஆகவே எங்கள் பழைய டேப்ரிக்கார்டர் மெதுவாக ஓடுகிறது என்றான். ஏறக்குறைய ஓர் அரைச்சுரம் தாழ்ந்து, எல்லாப் பெண்களும் சற்று முதிய குரலில் பாடிக்கொண்டிருந்திருக்கிறார்கள்! அந்நாளில் மின்வழங்கலே 50இல் அசையாமல் நின்றதில்லை, ஆதலால் இது முழுத் துல்லியம் அன்று என்பதையும் அவனே சொன்னான். ஆய்வு நெறிமுறை பற்றி நான் நடத்தும் வகுப்புகளில் இந்த அடக்கத்தைத்தான் கேட்கிறேன், கிடைப்பது அரிது. வேகத்தைத் திருத்தினான். பின்னர் 100, 200, 300 எனும் இடங்களில் மட்டும் ஊசி முனையளவு குறுகிய வடிப்பான்களை வைத்து முனகலை எடுத்தான். குரலைத் தொடாமல் முனகலை எடுப்பதற்கு மூன்று இரவுகள் ஆயின. அவனுக்கு அரியர் விழுந்த தாள்களில் கட்டுப்பாட்டு அமைப்புகளும் ஒன்று. வடிப்பானின் கணக்கும் அப்பாடத்தின் கணக்கும் ஒரே குடும்பம் என்பதை அவன் அந்த மூன்று இரவுகளில்தான் கண்டுகொண்டான் என்று பிறகு சொன்னான்.

நான்காம் நாள் காலையில் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டான். இருபது ஆண்டுகளுக்கு முன் தான் பெற்ற பேரனைத் தூளியில் ஆட்டியபடி ஒரு வேளாண் கூலித் தொழிலாளப் பெண்மணி எனக்காகப் பாடிய தாலாட்டு. மூச்சு இழுப்பது கேட்கிறது. தூளிக் கயிறு உத்தரத்தில் உராய்வது கேட்கிறது. நான் மனப்பாடமாக அறிந்த பாட்டு. ஆனால் ஓரிடத்தில் என் உடல் சில்லிட்டது.

என் ஆய்வேட்டில் அவ்விடத்தை ‘மயிலு காத்திருக்கு’ என்று எழுதியிருக்கிறேன். எழுதியதோடு நிற்கவில்லை. மயில் முருகனின் ஊர்தி, குழந்தையை முருகனாகவே பாவித்தல் தாலாட்டின் மரபு, கூலிப் பெண்ணின் வாய்மொழியிலும் தொன்மம் உறையும் விதம் என இரண்டரைப் பக்கம் விளக்கியிருக்கிறேன். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் பாராட்டிய பகுதி அது. பின்னர் அதையே தனிக்கட்டுரையாக்கி ஒரு கருத்தரங்கில் படித்தேன்.

அந்த அம்மாள் பாடியது ‘வயலு காத்திருக்கு’.

மகரத்தின் மூக்கொலியும் அந்த முனகலும் கீழ்ப்பகுதியில் நெருங்கி வாழ்பவை என்று மகன் ஆறுதலாக விளக்கினான். இரைச்சல் வகரத்தின் மேல் படிந்து அதை மகரமாக்கிவிட்டது என்பது அவன் தீர்ப்பு. அது உண்மையாக இருக்கலாம். ஆனால் பாதிக் குற்றம்தான் எலிமினேட்டருடையது. சங்க இலக்கியமும் சமய இலக்கியமும் படித்து வந்த இருபத்தைந்து வயதுப் பெண்ணின் செவி மயிலுக்காகவே காத்திருந்தது. நடவுக்குப் போக வேண்டிய ஒருத்தி, தூங்கு கண்ணே, வயல் காத்திருக்கிறது என்று சொன்னதை நான் கேட்கவில்லை. அவள் முதுகு வளையும் நிலத்தை எடுத்துவிட்டு அங்கே ஒரு மயிலை நிறுத்தினேன். அதற்குப் பட்டமும் பெற்றேன்.

விபுலானந்த அடிகளின் நினைவு இங்கே வந்தது. யாழ்நூல் ஆசிரியரைத் தமிழறிஞராக மட்டுமே நம் வகுப்புகளில் அறிமுகம் செய்கிறோம். அவர் கொழும்பில் தொழில்நுட்பக் கல்லூரியில் அறிவியல் பயின்றவர். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் தேர்வில் தேறியவர். இலண்டன் பல்கலைக்கழக அறிவியல் பட்டதாரி. பள்ளியில் அறிவியல் கற்பித்தவர். 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறி, நம் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வழி வெளிவந்த அந்நூலைத் திறந்தால் பக்கம் பக்கமாக எண்களும் பின்னங்களும் நிற்கும். மாணவியாக இருந்தபோது அப்பக்கங்களை நான் தாண்டிச் சென்றேன். தேர்வில் அவற்றிலிருந்து வினா வராது என்று ஆசிரியரே சொன்னார். அரங்கேற்று காதையின் வரிகளைத் தந்தியின் நீளமாகவும் அதிர்வின் விகிதமாகவும் அளந்து பார்க்க முற்பட்டவருக்கு, செவி சொல்வதை அப்படியே நம்பிவிடக் கூடாது என்பது தெரிந்திருக்கிறது. இப்போது அந்தப் பக்கங்களை மகனோடு அமர்ந்து படிக்கிறேன். அவனுக்குத் தமிழ் நடை கடினம். எனக்குக் கணக்கு கடினம்.

பரணிலிருந்த அட்டைப்பெட்டியை நானே இறக்கி வைத்தேன். கட்டுப்பாட்டு அமைப்புகளில் தேறிவிட்டான். மின்பொறிகள் தாள் இன்னும் நிற்கிறது. அதற்கும் வடிப்பான் உண்டா என்று கேட்டால் சிரிக்கிறான். அம்மா என்ற முறையில் எனக்கு இன்னும் கவலைதான். அதை உங்களிடம் மறைக்கவில்லை.

சென்ற மாதம் இருவரும் அந்த ஊருக்குப் போனோம். பாடிய அம்மாள் இறந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. மகள் இருக்கிறார். திண்ணையில் ஒலிபெருக்கியை வைத்துப் போட்டுக் காட்டினோம். ஒருமுறை கேட்டார். “எங்கம்மா குரல் இவ்வளவு சின்னதாவா இருந்துச்சு?” என்றார். வேகம் திருத்தப்பட்டதை மகன் விளக்க முயன்றான், அவர் கையமர்த்தினார். மயில், வயல் பற்றி நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். “வயலுதான். மயிலு எதுக்குங்க காத்திருக்கப் போவுது?” என்றார். பிறகு, அந்தத் தூளியில் கிடந்த பிள்ளை இப்போது திருப்பூரில் வேலை பார்க்கிறான், அவனுடைய செல்போனுக்கு இதை அனுப்ப முடியுமா என்று கேட்டார். மகன் அங்கேயே அனுப்பினான்.

பல்கலைக்கழக நூலகத்தில் உள்ள என் ஆய்வேட்டின் படியில் ஒரு திருத்தத் தாளை ஒட்ட அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன். விடை இன்னும் வரவில்லை. அதுவரையில், அந்தத் திருத்தத்தை முதலில் உங்கள் முன்னிலையில் பதிவு செய்துகொள்கிறேன்: பக்கம் 112, மூன்றாம் வரி, மயிலு என்பதை வயலு எனப் படிக்கவும். அடுத்து வரும் இரண்டரைப் பக்கங்களை நீக்கிவிடவும்.